ஆதரவுத் தேவை மதிப்பீட்டு நேர்காணலுக்கு எப்படித் தயாராவது? என்ன கேட்பார்கள்? அம்மா உடன் இருக்கலாமா?

உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "எனக்குப் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, எப்படியோ சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அடுத்த மாதம் நேர்காணலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் 'சமாளித்துக்கொண்டு' என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதைச் சொன்னதால் இரண்டு ஆண்டுகள் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி கிடைக்காமல் போனது.

எனக்குப் பிறவியிலிருந்தே பெருமூளை வாதம். கால்கள் இரண்டும் இறுகியிருக்கும். வலது கை ஓரளவு சொன்னபடி கேட்கும், இடது கை கேட்காது. வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி. அன்றாட வேலைகளில் ஒருவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று கணிக்கும் இந்த மதிப்பீட்டுக்கு இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். முதல் முறை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் போனேன்.

மதிப்பீட்டாளர் நல்ல பெண்மணி. பொறுமையாகத்தான் கேட்டார். நீங்களே உடை மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும். குளிக்க? முடியும். கழிப்பறைக்குப் போய்வர? முடியும். ஒவ்வொரு 'முடியும்' சொல்லும்போதும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. சிறு வயதிலிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு எல்லாம் நான் செய்ய முடிந்தவற்றுக்காகக் கிடைத்தது. யாராவது வீட்டுக்கு வந்தால் "அவளே எல்லாம் செய்துகொள்வாள்" என்று அம்மா சொல்வார். 'முடியாது' என்ற சொல்லை வெளியாள் முன்னால் சொல்லிப் பழக்கமே இல்லை. அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. வந்த முடிவும் நான் சொன்னதற்கு ஏற்றபடியே இருந்தது: குறைந்த அளவு ஆதரவு போதும்.

அந்த 'முடியும்' உண்மையில் என்ன என்று சொல்கிறேன். சட்டையில் ஐந்து பொத்தான்கள். கீழே இருக்கும் இரண்டுக்கும் மேசை விளிம்பில் சாய்ந்து, துணியை இடது கை முட்டியால் மேசையோடு அழுத்திக்கொண்டு, வலது கையின் இரண்டு விரல்களால் பொத்தானைத் துளைக்குள் தள்ளுவேன். மூன்றாவது பொத்தான் நெஞ்சுக்கு நேரே வரும். அங்கே மேசை உதவாது. துணி நழுவும், பாதி நுழைந்த பொத்தான் வெளியே வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. ஐந்தும் போட்டு முடிக்க இருபத்தைந்து நிமிடங்கள் ஆகும். அதன் பிறகு விரல்கள் இறுகிப்போய் அரைமணி நேரம் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. ஆகவே வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் அம்மாதான் போட்டுவிடுவார். ஒரு நிமிட வேலை. கேள்வித்தாளில் இதற்கு நான் கொடுத்த பதில் ஒரே சொல்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த தடுமாற்றம் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்ட வகைப்பாடு, ஒருவரின் 'திறனை'யும் அவர் தன் அன்றாடச் சூழலில் நிஜமாகச் 'செய்வதை'யும் தனித்தனியாகப் பிரித்துக் குறிக்கிறது. மருத்துவமனைகளில் இன்றும் பயன்படும் 'பார்தெல்' (Barthel) அளவுகோல் 1965இல் வந்தது. பத்து அன்றாடச் செயல்களை அது மதிப்பிடுகிறது. நோயாளி செய்யக்கூடியதைக் குறிக்காதே, செய்வதைக் குறி என்று அதைப் பயன்படுத்துவோருக்கு வழிகாட்டுதலே இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்று கவனிக்க வேண்டியிருந்தால்கூட அது சுயமாகச் செய்வதாகாது என்றும் சொல்கிறது. இதை முன்பே படித்திருந்தால் குளிப்பது பற்றி நான் வேறு மாதிரி பதில் சொல்லியிருப்பேன். நான் குளிக்கும்போது கதவு தாழிடப்படாது, வெளியே ஒருவர் காது கொடுத்து நிற்பார். அது உதவி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

எந்த நாட்டுத் திட்டம் என்று நீங்கள் சொல்லவில்லை. படிவம் இடத்துக்கு இடம் மாறும். கேட்கும் விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: எழுந்து நடமாடுவது, உடுத்துவது, குளிப்பது, கழிப்பறை, சாப்பிடுவது, மருந்து, பணம், வெளியே போய்வருவது, சொல்வதைப் புரியவைப்பது, தூக்கம், மனநிலை, ஆபத்து. ஆனால் 'முடியும்' என்பதற்கு அந்தத் திட்டம் என்ன பொருள் வைத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 2013 முதல் உள்ள மாற்றுத்திறனாளர் உதவித்தொகையில், ஒரு செயலைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று எடுத்துக்கொள்வார்கள். நியாயமான நேரம் என்பது அந்தக் குறைபாடு இல்லாத ஒருவருக்கு அதிகபட்சம் ஆகக்கூடிய நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்குள். என் இருபத்தைந்து நிமிடப் பொத்தான் அங்கே 'முடியாது'. ஜப்பானில் 80 கேள்விகள் வைத்து ஆதரவு நிலையை 1 முதல் 6 வரை பிரிக்கிறார்கள். 2014இல் முறையைத் திருத்தியபோது, ஒரு வேலை சில நேரம் முடிந்து சில நேரம் முடியாமல் போனால், முடியாத நிலையை வைத்தே குறிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பிரிட்டனில் பாதிக்கும் மேற்பட்ட நாள்கள் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரே மனிதரின் ஒரே கைக்கு இரண்டு நாட்டில் இரண்டு விதிகள். உங்கள் அலுவலகத்தில் எந்த விதி என்று தொலைபேசியிலேயே கேட்கலாம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி தயாரிப்பு. ஒரு சாதாரண நோட்டு வாங்கி ஏழு நாள் எழுதுங்கள். காலையில் கண் விழித்ததிலிருந்து மறுநாள் கண் விழிக்கும் வரை, யார் எதற்குக் கை கொடுத்தாலும் எழுத வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் அளவுகோல் ஒவ்வொரு செயலுக்கும் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: எத்தனை முறை, ஒரு நாளில் எவ்வளவு நேரம், என்ன வகையான உதவி. எந்தக் குறைபாட்டுக்கும் இந்த மூன்றும் பொருந்தும் என்பது என் அனுபவம். உதவியின் வகையையும் அது படிப்படியாகப் பிரிக்கிறது. கண்காணிப்பது, வாயால் அல்லது சைகையால் நினைவூட்டுவது, பாதி வேலையைக் கைகொடுத்துச் செய்வது, முழுவதும் செய்துவிடுவது. "மாத்திரை போட்டாயா?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வருகிறதே, அதுவும் உதவிதான். எழுதுங்கள்.

உங்கள் நோட்டு ஒன்று, அம்மாவின் நோட்டு ஒன்று என இரண்டாக இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் எனக்குக் கால் இழுத்துக்கொள்ளும். அம்மா வந்து நீவிவிட்டு, பக்கம் திருப்பிப் படுக்கவைப்பார். இரண்டாவது மதிப்பீட்டுக்கு முன் என் நோட்டில் "இரவு, ஒரு முறை" என்று எழுதியிருந்தேன். அதே இரவுக்கு அம்மாவின் நோட்டில் மூன்று வரிகள் இருந்தன: "12.40 கால். 2.15 திருப்பினேன், விழிக்கவில்லை. 4.50 கால், தண்ணீர்." அந்த நடுவரியை நான் பலமுறை படித்தேன். எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் ஒரு கணக்கா" என்று நோட்டை வாங்கி மூடிவிட்டார். அப்போது அவருக்கு வயது 61.

வீட்டார் செய்யும் உதவி இப்படித்தான் நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. அம்மா பத்து நாள் படுத்துவிட்டால் அன்றைக்கு என்னென்ன நின்றுபோகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டியது.

மருத்துவச் சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோயின் பெயர் மட்டும் எழுதிய கடிதம் அதிகம் உதவாது. உங்கள் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ, என்னென்ன செய்யும்போது எவ்வளவு சிரமம், விழும் அபாயம் உண்டா, களைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை எழுதித் தரும்படி கேளுங்கள். கையில் உங்கள் நோட்டு இருந்தால் அவர்களுக்கும் எழுதுவது சுலபம்.

அம்மா உடன் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பார்கள், முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள். கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டால் முதலில் நீங்கள்தான் பேச வேண்டும். நீங்கள் விட்டதை அவர் பிறகு சேர்க்கலாம். மதிப்பீட்டாளர் உங்களைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தே கேட்டால், "என்னிடம் கேளுங்கள், நான் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பேச்சுத் தெளிவில்லாதவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. எழுதிக் காட்டுவதும் படப் பலகையைத் தொட்டுக் காட்டுவதும் பதில்தான்.

அம்மா முன்னால் சொல்லத் தயங்கும் விஷயங்களும் இருக்கும். மாதவிடாய் நாள்களில் எனக்கு என்ன உதவி தேவை, கழிப்பறையில் என்ன நடக்கிறது, எந்த நாள்களில் மனம் இருண்டுபோகிறது என்பதையெல்லாம் நான் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மதிப்பீட்டாளர் படித்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். பெண் மதிப்பீட்டாளர் வேண்டுமென்றாலும், கடைசிப் பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டுமென்றாலும் முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டாவது முறை அதே சட்டைக் கேள்வி வந்தது. "இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். அதன் பிறகு அரைமணி நேரம் கை வேலை செய்யாது. கடந்த ஏழு நாளில் ஆறு நாள் அம்மா போட்டுவிட்டார்" என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது உண்மை. மதிப்பீட்டாளர் பேனாவை நிறுத்தி, "ஏழாவது நாள்?" என்று கேட்டார். "அன்று பொத்தான் இல்லாத சட்டை." அதையும் எழுதிக்கொண்டார்.

மிகைப்படுத்தாதீர்கள் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை, உங்கள் சிக்கல் அதற்கு நேர் எதிரானது. என்றாலும் முடிந்ததையும் அதே தெளிவோடு சொல்லுங்கள். எழுதுவதற்கும் பணக்கணக்குக்கும் எனக்கு யார் துணையும் வேண்டாம், அதைச் சொன்னேன். முடிந்ததை முடியும் என்று பூசி மெழுகாமல் சொன்னால்தான் முடியாததையும் நம்புவார்கள். நல்ல நாள், மோசமான நாள் இரண்டையும் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். "சில நேரம் கஷ்டம்" என்றால் அவர்களால் எதையும் குறிக்க முடியாது. "மாதத்தில் பத்து நாள் படுக்கையை விட்டு எழ இருவர் வேண்டும்" என்றால் குறிக்க முடியும்.

நேர்காணல் அன்று வழக்கமாக எப்படி இருப்பீர்களோ அப்படியே போங்கள். ஊன்றுகோல் பயன்படுத்துபவர் அன்று மட்டும் அதை விட்டுவிட்டுப் போக வேண்டாம். "நடந்து காட்டுங்கள்" என்றால், வலி வரும் என்றால், வலிக்கும் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். செய்து காட்டிய பிறகு மறுநாள் படுத்துவிடுவீர்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவர் பார்ப்பது அந்த ஒரு மணி நேரத்தை மட்டும்தான். களைத்தால் இடைவேளை கேளுங்கள். முடிவில், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எனக்குப் படித்துக் காட்டியபோது "இரவில் உதவி: சில நேரம்" என்றிருந்தது. அம்மாவின் நோட்டைத் திறந்து காட்டினேன். "ஒவ்வொரு இரவும், இரண்டு முதல் மூன்று முறை" என்று திருத்தினார்கள். நோட்டின் நகலையும் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள்.

முடிவு கடிதமாக வரும்போது, மறுபரிசீலனை கேட்கக் கடைசித் தேதி எது என்பதை முதலில் பாருங்கள். முதல் முறை நான் அந்தத் தேதியைக் கவனிக்காமல் விட்டதால்தான் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஏழு நாள் குறிப்புக்கு அது தாராளம். மருத்துவரின் கடிதத்துக்குத்தான் நாள் பிடிக்கும், நாளைக்கே கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நோட்டை இன்று இரவே கொடுத்துவிடுங்கள், கூடவே தலைமாட்டில் ஒரு கடிகாரமும் பேனாவும்.