வெட்ஜ் எத்தனை, எந்த லாஃப்ட்? கேள்வி பதில்

கோல்ஃப் கிளப்களை அளந்து, ஆடுபவருக்கு ஏற்றபடி சரிசெய்து தருவது என் வேலை. அயர்ன் எனப்படும் இரும்புத் தலைக் கிளப்களில் குட்டைத் தூரத்துக்கு உள்ளவைதான் வெட்ஜ். கிளப்பின் முகம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது லாஃப்ட்; அது கூடக் கூட பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். வெட்ஜ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தூரம் எல்லாம் யார்டில்தான்.

கேள்வி: அண்ணா, புது அயர்ன் செட் வாங்கினேன். பிட்சிங் வெட்ஜ் 120 போகிறது. பழைய 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் 82தான். 100 யார்டில் பந்து கிடந்தால் எதை எடுப்பது என்றே தெரியவில்லை. 52 வாங்கினால் சரியாகிவிடுமா?

முதலில் உங்கள் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் என்ன என்று பாருங்கள். கிளப்பில் பெரும்பாலும் 'பி' என்று மட்டும்தான் இருக்கும், டிகிரி இருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும். பழைய செட்டுகளில் அது 48 வாக்கில் இருந்தது. இன்றைக்குத் தூரத்தை முன்னிறுத்தி விற்கும் செட்டுகளில் 43, 44 சகஜம், 41கூட உண்டு. எடையைக் கீழே இறக்கி வைப்பதால் லாஃப்ட் குறைந்தாலும் பந்து உயரமாகவே கிளம்புகிறது. அதனால் கம்பெனிக்காரர்கள் துணிந்து குறைக்கிறார்கள். பிட்சிங் வெட்ஜ் இப்படி மாறிப்போனது, சாண்ட் வெட்ஜ் மட்டும் 56இலேயே நிற்கிறது. உங்கள் ஓட்டை அங்கேதான்.

உங்களுடையது 44 என்று வைத்துக்கொள்வோம். 12 டிகிரிக்கு 38 யார்டு, அதாவது டிகிரிக்கு மூன்று யார்டுக்குச் சற்று மேல். 52 மட்டும் வாங்கினால் அது 95 போகும். கீழ்ப்பக்கம் 13 யார்டு இடைவெளி, மேல்பக்கம் 25. பாதி ஓட்டை அப்படியே இருக்கும். ஒரே ஒரு கிளப்தான் என்றால் 50 வாங்குங்கள், 101 வாக்கில் விழும். இரண்டுக்கு இடம் உண்டென்றால் 48, 52. அப்போது 120, 108, 95, 82 என்று படி சீராக இறங்கும்.

நான் இரண்டையே சொல்வேன். பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாதே என்றால், கடைசியாக 4 அயர்னை எப்போது நன்றாக அடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். 48ஐ முடிந்தால் அதே அயர்ன் செட்டின் கேப் வெட்ஜாக, அதாவது பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் வரும் கிளப்பாக வாங்குங்கள். ஃபுல் ஸ்விங்கில்தான் அதை அதிகம் அடிப்பீர்கள். ஷாஃப்டும் (கிளப்பின் தண்டு) தலையின் அமைப்பும் ஒன்றாக இருந்தால் தூரம் ஒழுங்காகத் தொடரும்.

கேள்வி: ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) என் 52 ஒரு நாள் 105 போகிறது, மறுநாள் 92. எதை நம்புவது?

ரேஞ்ச் பந்தை நம்பாதீர்கள். அடிபட்டுத் தேய்ந்த பந்து, ஒன்றுபோல் ஒன்று பறக்காது. நீங்கள் ஆடும் அதே பந்தைக் கொண்டுபோய், பந்தின் பறப்பை அளக்கும் லான்ச் மானிட்டர் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு வெட்ஜிலும் பத்துப் பதினைந்து அடியுங்கள். கேரியை மட்டும் குறியுங்கள், அதாவது பந்து தரையைத் தொடும் வரை உள்ள தூரம். உருண்டு போவது அந்தந்த கிரீனை, அதாவது குழியைச் சுற்றிய புல்தரையைப் பொறுத்தது, கிளப்பின் கணக்கில் வராது. மண்ணை வாரியதையும் பந்தின் தலையில் அடித்ததையும் தள்ளிவிட்டு, மிச்சத்தின் நடுவில் வருவதுதான் உங்கள் தூரம். எல்லோரும் தங்களுடைய மிக நல்ல அடியையே தூரம் என்று நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கிரீனுக்கு முன்னால் இருக்கும் மணல் பள்ளமான பங்கர் அவர்களுக்காகவே காத்திருக்கிறது.

கேள்வி: நான் பெண், ஸ்விங் வேகம் குறைவு. பிட்சிங் வெட்ஜ் 75 போகிறது. எல்லோரும் நாலு நாலு டிகிரி இடைவெளி என்கிறார்கள். எனக்கும் நாலு வெட்ஜ் வேண்டுமா?

வேண்டாம். நாலு டிகிரி என்பது பந்தை வேகமாக அடிப்பவர்களின் கணக்கு. உங்கள் வேகத்தில் அது ஆறேழு யார்டுதான் தரும். ஒரே கிளப்பில் அடுத்தடுத்து அடிக்கும் இரண்டு அடிக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடுமே! 44, 50, 56 போதும். மிச்சமாகும் இடத்தில் நீண்ட தூரத்துக்கான ஒரு 7 வுட் வையுங்கள். உங்கள் ஸ்கோர் அங்கேதான் குறையும்.

கேள்வி: பவுன்ஸ் என்று ஒரு எண் இருக்கிறதே, அதற்கும் தூரத்துக்கும் சம்பந்தம் உண்டா சார்?

நேரடியாக இல்லை. ஆனால் தப்பான பவுன்ஸ் இருந்தால் பந்தைச் சுத்தமாகத் தொட முடியாது. அப்புறம் எந்த தூரத்தை எதிர்பார்ப்பது?

கிளப்பின் அடிப்பாகம் முன் விளிம்பைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்பதே பவுன்ஸ். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாராசென் தன் கிளப்பின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி, மணலுக்குள் புதையாமல் வழுக்கிப் போகும்படி செய்தார். 1932இல் அந்தக் கிளப்போடு போய் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். இன்றைய சாண்ட் வெட்ஜ் அந்த வழியில் வந்ததுதான்.

4 முதல் 6 டிகிரி வரை குறைவு, 7 முதல் 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். சென்னையில் மே மாதம் காய்ந்து இறுகிய ஃபேர்வேயில் (கிரீன் வரை செல்லும் புல்வெளியில்) அதிக பவுன்ஸ் தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றில் அடிக்கும். மழைக்காலத்து ஈரத்தரையிலும் மென்மையான மணலிலும் அதுவே காப்பாற்றும். நீங்கள் மண்ணை ஆழமாகப் பெயர்ப்பவர் என்றால் அதிகம் பக்கம் போங்கள், மேலோட்டமாகச் சீவுபவர் என்றால் குறைவு. ஒன்றும் புரியவில்லை என்றால் 56இல் 10 அல்லது 12 வாங்குங்கள். பெரிதாகக் கெட்டுப்போகாது.

கேள்வி: என் 50 டிகிரியும் பிட்சிங் வெட்ஜும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போகின்றன. 46க்கும் 50க்கும் இவ்வளவு குறைவாகவா இருக்கும்?

எழுதியிருப்பதும் இருப்பதும் ஒன்றா என்று லாஃப்ட் அளக்கும் கருவியில் வைத்துப் பாருங்கள். ஓரிரு டிகிரி தவறி இருப்பது அதிசயம் இல்லை. ஒன்று 47, இன்னொன்று 49 என்றால் கதை முடிந்தது. ஃபோர்ஜ் செய்த, அதாவது உலோகத்தை அடித்து உருவாக்கிய வெட்ஜை இரண்டு டிகிரி வரை தயங்காமல் வளைக்கலாம். லாஃப்டை ஒரு டிகிரி குறைத்தால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், கூட்டினால் கூடும். அதை மறந்துவிடாதீர்கள். லாஃப்ட் சரியாகவே இருந்தால் இரண்டின் ஷாஃப்டையும் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: 60 டிகிரி வாங்கலாமா? டிவியில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் கையில் அது அழகுதான். ஃபுல் ஸ்விங்குக்கு என்றால் வாங்காதீர்கள். பந்து மேலே போகுமே தவிர முன்னே போகாது, தூரமும் நிலையாக இருக்காது. கிரீனை ஒட்டிய ஆழமான பங்கருக்கு என்றால் சரி.

கேள்வி: சிங்கப்பூரில் ஆடுகிறேன். 40, 55 யார்டு மாதிரி அரைகுறை தூரங்களுக்கு எந்த வெட்ஜ்?

இதற்குப் புது வெட்ஜ் தேவையில்லை. கடிகார முகத்தை மனதில் வைத்து, இடது கை ஏழரை, ஒன்பது, பத்தரை மணி வரை போகும்படி மூன்று அளவில் பின்னால் இழுத்துப் பழகுங்கள். முன்னால் எப்போதும் முழுதாக முடியுங்கள், வேகத்தைக் கையால் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். மூன்று வெட்ஜ், மூன்று இழுப்பு, ஒன்பது தூரம். சில ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும், வசதியானதை வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நோட்டில் எழுதிப் பையில் போடலாம், விதி தடுப்பதில்லை. மைதானத்தில் குறியீடு மீட்டரில் இருந்தால் நோட்டிலும் மீட்டரிலேயே எழுதுங்கள். 100 மீட்டர் என்பது 109 யார்டு. வெட்ஜ் அடிக்கும் நேரத்தில் மனக்கணக்கு போட்டால் ஒரு கிளப் குறைவாகவே எடுப்பீர்கள்.

கேள்வி: ஊட்டியில் அடித்தால் எல்லாமே நீளமாகப் போகிறதே?

ஏழாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருக்கிறது. மிக நீண்ட தூரம் அடிக்கும் டிரைவரில் நன்றாகத் தெரியும், வெட்ஜில் அவ்வளவு இல்லை. காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு ஹோலில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஊட்டிக்காக வெட்ஜ் வாங்க வேண்டாம்.