ஜீப்பின் பின்கதவுக்கு டிங்கர் போதும், புரோக்கர் வேண்டாம்

கேள்வி: என்னிடம் 1974 மாடல் மஹிந்திரா சிஜே 3பி ஜீப் இருக்கிறது. ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்கும் ஊருக்கும் ஓடுகிற வண்டி. பின்கதவின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. இப்போதைய மஹிந்திரா தார் ஜீப் போலப் பக்கவாட்டில் திறக்கிற மாதிரி புதிதாகச் செய்து, ஸ்டெப்னியையும் அதிலேயே மாட்டிவிடலாம் என்கிறார் டிங்கர். ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் ஒருவரோ, பாடியில் கை வைத்தால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், கூடவே விண்டேஜ் நம்பரும் வாங்கித் தருகிறேன், அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நாற்பதாயிரம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: புரோக்கருக்கென்று எடுத்து வைத்த பணத்தை முதலில் பத்திரப்படுத்துங்கள். பழைய கதவு இருந்த இடத்தில், அதே அளவில், அதே போலக் கீழ்நோக்கித் திறக்கும் கதவை மாட்டினால் அது வெறும் ரிப்பேர். வண்டியின் நீளம் மாறவில்லை, சீட் எண்ணிக்கை மாறவில்லை. ஆர்.சி.யில் ஒரு வரிகூட மாறாதபோது எதை ஏற்றுவது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை இறுக்கிப் பிடித்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் புரோக்கர்கள் பயமுறுத்துகிறார்கள். பாடியை நீட்டுவது, சீட் சேர்ப்பது போன்ற வேலைகள்தான் அதில் மாட்டும். எது ரிப்பேர், எது மாற்றம் என்று சாமானியனுக்குப் புரிகிற மொழியில் ஒரு பக்கப் பட்டியல் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினால் இந்தத் தொழிலே படுத்துவிடும். ஒரே ஆபீசில் இரண்டு ஜன்னலில் இரண்டு பதில் கிடைக்கிறவரை புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம்தான். எந்தக் காரணத்துக்காகவும் அசல் ஆர்.சி.யை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

விண்டேஜ் நம்பர் என்பது இன்னும் பெரிய பொறி. 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு விஏ வரிசையில் தனி நம்பர் கிடைக்கும், புதிய பதிவுக்கு அரசுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவுள்ள வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று சில காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். மேலும், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதே முதல் நிபந்தனை. பக்கவாட்டில் திறக்கும் கதவையும் போட்டு விண்டேஜ் நம்பரும் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு இரண்டில் ஒன்று தெரியவில்லை, அல்லது இரண்டும் தெரிந்தே உங்களிடம் பேசுகிறார். தோட்டத்துக்கும் ஊருக்கும் ஓடும் வண்டிக்கு இப்போதிருக்கும் நம்பரே நல்லது.

சரி, டிங்கர் சொன்ன யோசனை. தாரில் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குகிறது என்றால், அந்தப் பாரத்தைத் தாங்கும்படி கீலும் தூணும் கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. உங்கள் ஜீப்பின் பின்பக்கத் தூண் வெறும் மடித்த தகடு. டயரும் ரிம்மும் சேர்ந்தால் சுமார் இருபது கிலோ. அது கீலிலிருந்து தள்ளி நிற்கிறது, பட்டை ஸ்பிரிங் வண்டியோ மலைப் பாதையில் ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போடும். சில மாதத்தில் கீழ்க் கீலைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். பெயின்ட் மேல் ஒரு பழுப்புக் கோடு மாதிரித் தெரியும், துரு என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போவார்கள். அப்புறம் கதவு தொங்கும், தூணும் அதோடு வரும். ஸ்டெப்னி பக்கவாட்டில் இருந்தபடியே இருக்கட்டும்.

பின்கதவே போடக்கூடாத ஒரு ஜீப் இருக்கிறது. உங்களுடையது அதுவல்ல என்றாலும், இதைப் படிக்கும் யாரோ ஒருவருக்காகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஆகிய இரண்டுக்கும் பின்கதவே கிடையாது. பின்னால் முழுத் தகடு, அதன் மேல் ஸ்டெப்னி. 1945-இல் பொதுமக்களுக்கென்று வந்த சிஜே 2ஏ ஜீப்பில்தான் கதவு வைத்து, ஸ்டெப்னியைப் பக்கத்துக்கு மாற்றினார்கள். முன் கிரில்லை எண்ணுங்கள். ஒன்பது துளை இருந்து, பெட்ரோல் ஊற்றும் வாயும் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தால் அது போர்க்கால ஜீப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். சிஜே வரிசையில் ஏழு துளைதான், பெட்ரோல் வாய் வெளிப்பக்கம். போர்க்கால ஜீப்பின் பின்தகட்டை அறுத்துக் கதவு வைத்தால் பாடி முறுக ஆரம்பிக்கும், வண்டியின் மதிப்பும் அந்த அறுப்போடு போய்விடும். "யுத்த காலத்து ஒரிஜினல் பின்கதவு, ராணுவ டிஸ்போசலில் எடுத்தது" என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒரு பொருள் இருந்ததே இல்லை.

உங்கள் கதவுக்கு வருவோம். ரெடிமேட் கதவு வாங்காதீர்கள். ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் முழு ஜீப் பாடியே புதிதாகச் செய்கிறார்கள், அந்த அளவு உங்கள் வண்டிக்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. ஐம்பது வருட பாடியின் பின்வாய் சரியான செவ்வகமாக இருக்காது. முதலில் பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் ரப்பர்களையும் சரி செய்யுங்கள். அப்புறம் நான்கு சக்கரமும் சமதளத்தில் நிற்க, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் பாடியைத்தான் முதலில் நிமிர்த்த வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து அளவெடுக்கும் டிங்கரிடம் வேலை கொடுக்காதீர்கள். இறக்கியதும் கதவு சிக்கும்.

அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகு தகட்டைத் தொடச் சொல்லுங்கள். வெளித்தகட்டுக்கு 18 கேஜ் சிஆர் ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு) போதும். கீலும் சங்கிலிக் கொக்கியும் பிடிக்கும் இடத்துக்குப் பின்னால், கதவில் மட்டுமல்ல, பாடியிலும், 3 மில்லிமீட்டர் பட்டை வையுங்கள். திறந்த கதவின் மேல் காபி மூட்டையைச் சாய்க்கும்போது பாரம் சங்கிலிகள் மேல்தான் விழும். துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட் துருப்பிடிக்காது என்று ஆசை காட்டுவார்கள். வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்து போய் அங்கேயே துரு தொடங்கும், அந்தப் புகை டிங்கருக்கும் ஆகாது. சிஓ2 வெல்டிங்கில் ஒரு அங்குலம் இங்கே, ஒரு அங்குலம் அங்கே என்று இடம் மாற்றி அடிக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு வளையும், வளைவை மறைக்கப் பட்டி பூசுவார்கள். பெயின்டுக்கு முன் ஒரு சின்னக் காந்தத்தைக் கதவு முழுக்க நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் தடிமனாகப் பட்டி இருக்கிறது.

பழைய கதவு உதிர்ந்ததே அடி மடிப்பில் தண்ணீர் தேங்கியதால்தான். புதியதில் அடி மடிப்பில் வடிகால் துளைகள் கட்டாயம் வேண்டும், மடிப்பதற்கு முன்பே உள்பக்கம் பிரைமர் அடித்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் நேரில் நின்று பாருங்கள். பழைய கதவைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் கீலும் சங்கிலிக் கொக்கியும் நன்றாக இருந்தால் அவற்றையே புதியதில் மாட்டலாம். கழற்றும் முன் எடுத்த போட்டோவோடும் டிங்கர் பில்லோடும் பழைய கதவும் வீட்டில் இருந்தால், எஃப்சிக்குப் போகும்போது யாராவது கேட்டாலும் காட்டிவிடலாம்.