மாத்திரை வீடு தேடி வருகிறது, பென்ஷன் வரவில்லை!

(ஓய்வுபெற்ற சமுதாய நல செவிலியர் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. செங்கம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் முதியோர் பென்ஷன் சில மாதமாக வரவில்லை. காதும் மந்தமாகிவிட்டது. மாத்திரை தரும் பெண்ணைக் கேட்டால், "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா" என்கிறாராம். எல்லாம் ஒரே அரசாங்கம்தானே?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அரசாங்கம் ஒன்றுதான் தங்கச்சி, கோப்புதான் வேறு வேறு. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. ஆள் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து, வேலை சுகாதாரத் துறைக்கு. ஆக, துறைகள் கைகோக்க முடியும் என்பதற்கு உங்கள் அம்மாவின் வாசலில் நிற்கும் அவரே சாட்சி. பென்ஷன் விஷயத்தில்தான் அந்தக் கைகோப்பு நின்றுபோகிறது. அது வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. உங்கள் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்றே தனி வட்டாட்சியர் இருப்பார்.

பணம் ஏன் நின்றது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு முடங்கியிருக்கலாம், ஆதார் இணைப்பில் கோளாறு இருக்கலாம். ஊருக்கு வந்து பணம் தருபவரின் மெஷினில் கைரேகை விழாமலும் போயிருக்கலாம். காலமெல்லாம் களை எடுத்த விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? இன்னொன்றும் உண்டு. இது ஆதரவற்றோருக்கான திட்டம். விசாரிக்க வந்தவர், "மகள் திருப்பூரில் சம்பாதிக்கிறாள்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தாலும் நின்றிருக்கும். அப்படியானால், நீங்கள் எவ்வளவு அனுப்புகிறீர்கள், அம்மாவின் செலவு என்ன என்று விளக்கி மறுபடி மனு கொடுக்க வேண்டும்.

1,200 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். நான் வேலையில் இருந்தபோது பார்த்தது இது. பென்ஷன் நின்றதும் கிழவர் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். சுகர் மாத்திரையை மட்டும் "டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்று தவறாமல் போட்டார். சுகர் இறங்கி, விடியற்காலையில் கொல்லையில் விழுந்து கிடந்தார். மாத்திரை அளவை மாற்றலாமா என்று நாங்கள் ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தேவைப்பட்டது அரிசி. எங்கள் பதிவேட்டில் பி.பி.க்கு இடம் உண்டு, சுகருக்கு இடம் உண்டு. "நேற்று ராத்திரி சாப்பிட்டீங்களா" என்பதற்கு இடம் இருந்ததில்லை.

அதனால் அந்தத் தன்னார்வலரிடம் பென்ஷனை வாங்கித் தரச் சொல்லாதீர்கள். "அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் நர்சம்மாவிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர் டிபார்ட்மென்ட்தான்.

காதைப் பொறுத்தவரை, மெஷினுக்கு அவசரப்பட வேண்டாம். அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தாலே கேட்காது. உண்மையிலேயே கேட்கும் திறன் குறைந்திருந்தால், மாற்றுத்திறனாளி சான்று வாங்கிக்கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். பார்த்தீர்களா, இதோ மூன்றாவது துறை!

எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்காருவது திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில். பென்ஷனுக்கு ஒரு மனு, காதுக்கு ஒரு மனு என்று தனித்தனியாக எழுதுங்கள். சேர்த்து எழுதினால் ஒன்றுக்குப் பதில் வரும், மற்றது தொங்கும். லீவு கிடைக்காவிட்டால் முதியோர் உதவி எண் 14567-க்குத் திருப்பூரிலிருந்தே பேசுங்கள். கட்டணம் கிடையாது.

கேள்வி: பக்கவாதம் வந்து அப்பா படுக்கையில் இருக்கிறார். பிசியோதெரபிக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய்க் கட்டுப்படியாகவில்லை.
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: ஆட்டோவை நிறுத்துங்கள். நான் மேலே சொன்ன அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும், படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் நர்சும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வரும்போது பக்கத்தில் நின்று பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் தினமும் வர மாட்டார்கள், கை காலைத் தினமும் அசைக்க வேண்டும். முதுகில் புண் வந்திருக்கிறதா என்றும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.