முதல் கிலோமீட்டர்

அன்புள்ள ஐயா,

வயது 46. ஐந்து கிலோமீட்டரை ஜனவரியில் 30 நிமிடத்தில் ஓடினேன். போன வாரம், இந்த மே வெயிலில், 32:40. கிலோமீட்டர்வாரியாக 5:20, 6:10, 6:40, 7:10, 7:20. ஆபீஸில் ஒரு பையன் 24 நிமிடத்தில் முடிக்கிறான். என் வயதுக்கு இது மோசமா? கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கலாமா?

கே., சென்னை

அன்புள்ள கே.,

ஷூவை விடுங்கள். அந்தப் பையனையும் விடுங்கள். வயதுக்கேற்ற கணக்கு வேண்டுமென்றால் ஏஜ் கிரேடிங் இருக்கிறது. உங்கள் வயதின் உலகத்தர நேரத்தோடு ஒப்பிட்டு சதவீதம் சொல்லும், 60 வந்தால் உள்ளூர் அளவில் கெட்டிக்காரர். சென்னை மே மாதத்தில் வியர்வை காயாது, உடம்பு சூட்டை இறக்கவே நிறைய ரத்தம் தோலுக்குப் போய்விடும், அதை ஜனவரியோடு ஒப்பிட்டு அழலாமா?

ஆனால் அந்த 5:20! நேற்றுகூட இதைப் பற்றித்தான் ஒரு நண்பரிடம் கத்திக்கொண்டிருந்தேன். உங்கள் மொத்த நேரத்தை ஐந்தால் வகுத்தால் 6:32 வருகிறது. அதைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் வேகமாகக் கிளம்பியிருக்கிறீர்கள், யாரை மிரட்ட? எங்கள் பள்ளியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் சுற்றில் முந்துகிறவன் பெயரைச் சொல்லித்தான் எல்லாரும் கூவுவோம், பி.டி. வாத்தியார் மட்டும் விசிலைக் கடித்தபடி கடைசியில் வருகிற ஒருவனையே பார்த்துக்கொண்டிருப்பார். கறிக்கடைக்காரர் மகன், வெறுங்கால், அரைக்கால் சட்டையை ஒரு கையில் பிடித்துக்கொண்டே ஓடுவான். மூச்சு வாங்கி இடுப்பில் கை வைத்து நிற்கிறவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி வருவான், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எனக்கு அவன்மேல் அப்போது பயங்கர எரிச்சல்.

2020இல் மொனாக்கோவில் உகாண்டா ஓட்டக்காரர் ஜோஷுவா செப்டெகெய் 5000 மீட்டரை 12:35.36இல் ஓடி உலக சாதனை செய்தபோது தடத்தின் ஓரத்தில் வேகம் காட்டும் விளக்குகள் ஒரே சீராக ஓடின, அவரும் சுற்றுக்கு 60 வினாடி சொச்சம் என்று கூடவே ஓடினார். அவருக்கே அப்படித்தான். உங்களுக்கு மட்டும் கொடி அசைத்ததும் ரத்தம் கொதிக்கிறது!

அடுத்த முறை முதல் கிலோமீட்டர் 6:40. எல்லாரும் தாண்டிப் போவார்கள், வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். நாலாவதில் மூச்சு மிச்சமிருந்தால் அப்புறம் விரட்டுங்கள். ஓடி முடித்ததும் ஐந்து எண்களையும் எழுதி அனுப்புங்கள், மொத்தத்தை நானே கூட்டிக்கொள்கிறேன்.