சொலிசிட்டர் ஆக வரும் குடியாத்தம் தம்பிக்கு

தம்பி, குடியாத்தம் என்று பார்த்ததுமே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் பள்ளிகொண்டா. சத்துவாச்சாரி கோர்ட்டில் இரண்டு வருடம் ஜூனியராக இருந்துவிட்டு இங்கிலாந்தில் சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரரோடு நேரடியாகப் பேசி வேலை பார்க்கும் வக்கீல், ஆக நினைக்கிறீர்கள். எந்தப் புத்தகம், எவ்வளவு செலவு, லண்டனா மான்செஸ்டரா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ‘ஆட்களோடு பழகத் தெரிவதையெல்லாம் பார்ப்பார்களா, மார்க் போதுமா?’ என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்.

அந்த ஒரு வரிக்குத்தான் பதில். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, தேர்வு நடத்துபவர்களின் தளத்திலேயே பாருங்கள். ஏஜெண்டிடம் மட்டும் போகாதீர்கள். ஊர் எதுவானாலும் சரி, வேலை கிடைக்கிற இடம்தான் ஊர்.

சொலிசிட்டர் ஆவதற்கென்று 2021-இல் வந்த தகுதித் தேர்வான எஸ்.க்யூ.இ.யில் முதல் பகுதி 360 கேள்விகள், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பது. நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தாண்டிவிடுவார்கள். இரண்டாம் பகுதியில்தான் சிக்கல். அங்கே கட்சிக்காரராக ஒரு நடிகரை உட்கார வைத்திருப்பார்கள். 25 நிமிடம் அவரோடு பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு மார்க் போடுபவரும் அந்த நடிகர்தான். சட்டம் சரியா என்று அவர் பார்ப்பதில்லை, அதைப் பிறகு நீங்கள் எழுதும் குறிப்பில் பார்ப்பார்கள். ‘இந்த ஆளை நம்பி என் விஷயத்தை ஒப்படைக்கலாமா?’ அவ்வளவுதான் அவர் கணக்கு. என் காலத்தில் வெளிநாட்டு வக்கீல்களுக்கு வேறு தேர்வு, க்யூ.எல்.டி.எஸ். அதிலும் நடிகர் உண்டு. முதல் தடவை எனக்கு ஊத்திக்கொண்டது. வாயே மூடாமல் சட்டம் பேசியிருந்தேன்.

நான் வந்தது 2010 ஜனவரி. பாலாற்றில் தண்ணீரையே அதிகம் பார்க்காத ஆள், ஆம்பூரில் வாங்கிய தோல் ஷூவோடு பனியில் இறங்கி முதல் நாளே வழுக்கி விழுந்தேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் ஐந்து பேர். முன்னால் வந்த நம்மவர்கள் ஆளுக்கொரு உபதேசம் செய்தார்கள். இங்கிலீஷை மூக்கால் பேசு, கார்டு அடித்து எல்லோரிடமும் நீட்டு, கிரிக்கெட் தெரிந்த மாதிரி காட்டிக்கொள். பத்து வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாதவர்கள்தான் இதைச் சொன்னார்கள்.

ஒரு சிறிய அலுவலகத்தில் உயில் எழுதும் பிரிவில் உதவியாளாகச் சேர்ந்தேன். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்: யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மகனோடு வந்தார். தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னிடம் விட்டார்கள். மகன் கேட்கக் கேட்க நான் கொட்டித் தீர்த்தேன். 3,25,000 பவுண்டு வரை வாரிசு வரி இல்லை, அதற்கு மேல் 40 சதவீதம், உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால் ஏழு வருடக் கணக்கு. அந்த அம்மா மடியிலிருந்த பிளாஸ்டிக் பையின் காதை முடிச்சுப் போடுவார், அவிழ்ப்பார், மறுபடி முடிச்சு. நாற்பது நிமிடம் முடிந்து மகன் காரை எடுக்கப் போனார். கதவருகில் அந்த அம்மா திரும்பி, “தம்பி, வீட்டை மகன்ர பேரில எழுதிக் குடுத்தா, நான் அதிலயே இருக்கலாமோ?” என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. எனக்கு மேலே இருந்த ஆங்கிலேயப் பெண்மணி திட்டவில்லை. “மகன் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு தாளில் நடந்ததை எழுதச் சொன்னார். ‘கட்சிக்காரர் தெளிவாகச் சொல்லவில்லை’ என்று எழுதினேன். திருப்பிக் கொடுத்தார். ‘நேரம் போதவில்லை’ என்றேன். அதையும் திருப்பினார். மூன்றாவது தடவைதான் ‘அம்மாவை விட்டுவிட்டு மகனுக்குப் பதில் சொன்னேன்’ என்று பேனா நகர்ந்தது. அடுத்த வாரம் அந்த அம்மாவைத் தனியாக வரவழைத்துப் பேசினோம்.

தன் தவறைத் தானே பார்த்து ஒப்புக்கொள்வதைத்தான் இங்கே பெரிதாகப் பார்க்கிறார்கள், தம்பி. முன்பெல்லாம் சொலிசிட்டர்கள் வருடத்துக்கு 16 மணி நேரப் பயிற்சிக்குக் கணக்குக் காட்டினால் போதும். 2016 நவம்பரிலிருந்து அது போய், தன் வேலையில் எங்கே குறை, அதற்கு என்ன செய்தோம் என்று அவரவரே யோசித்துப் பதிவு வைக்க வேண்டும். இன்டர்வியூவிலும் நீங்கள் செய்த தவறு ஒன்றைக் கேட்பார்கள். ‘அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை’ என்று ஆரம்பிக்காதீர்கள். அதைச் சொன்ன நம் பிள்ளைகளை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன், எனக்கே கூசும்.

ஃப்ளைட் ஏறும் முன் ஒரு வாரம் உங்கள் ஆபீஸ் குமாஸ்தா பக்கத்தில் உட்காருங்கள். எங்கள் சீனியரிடம் ஒருவர் இருந்தார். வயதான அம்மா யாராவது மகனோடு வந்தால், முதலில் “சாப்ட்டியாம்மா?” என்பார். அடுத்து மகனைப் பார்த்து, “நைனா, வெளிய போயி ஒரு வக்காலத்து ஃபாரம் வாங்கினு வா.” அவன் திரும்பி வருவதற்குள் மொத்தக் கேஸும் வந்துவிடும். ஃபாரம் விற்பவனிடம் இவருக்கு ஏதோ கமிஷன் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் டிராயரில் ஒரு கட்டு ஃபாரம் எப்போதும் இருக்கும்.