பேய் நாடகப் போஸ்டருக்குத் தமிழில் எந்த எழுத்துரு சரிவரும்?

தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள் போடும் பேய் நாடகத்துக்குத் தடித்த, தேய்ந்து கிழிந்த மாதிரி எழுத்து வேண்டும், அதில் பயமும் சிரிப்பும் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஹட்டன் பக்கம் போஸ்டர், பெனர் வடிவமைப்பதுதான் என் தொழில். ஆயத்தமான பேய் எழுத்துருவைத் தேடி அலைய வேண்டாம். நல்ல தடித்த எழுத்துரு ஒன்றை எடுத்து நீங்களே சிதையுங்கள்.

காரணம் இருக்கிறது. கண்டபடி சுரண்டுவதைத் தமிழ் எழுத்து தாங்காது. 'பேய் பங்களா' என்பதுதான் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். இரட்டைக்கொம்பின் மேல்சுழி அழிந்தால் 'பே' என்பது 'பெ' ஆகிவிடும். மைத்தெறிப்பில் ஒரு துளி 'க' தலையில் விழுந்தால் அது 'க்'. எல்லாவற்றையும் விட மோசம் இரத்தச் சொட்டு. 'ளா'வின் கால் நுனியில் ஒன்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள், கால் 'ர' மாதிரி ஆகி 'பங்களர' என்று நிற்கும்!

அதனால் கடிக்க வேண்டிய இடம் எழுத்தின் சதைப்பகுதி. 'ப'வின் அடிக்கோடு அகலமானது, அதைக் குதறுங்கள், சொட்டுகளையும் அதிலேயே தொங்கவிடுங்கள். சுழி, கொம்பு, கால் நுனி மூன்றையும் தொடாதீர்கள். புள்ளியை அழிப்பதற்குப் பதிலாகப் பெரிதாக்குங்கள். இந்தத் தலைப்பில் ய், ங் என்று சரியாக இரண்டு புள்ளிகள் வருகின்றன. இரண்டையும் உருட்டி விழிக்கும் கண்களாக வரைந்துவிட்டால் துரை பங்களாவே ஆளைப் பார்ப்பது போல இருக்கும். சின்னப் பிள்ளைகள் பயந்துகொண்டே சிரிப்பார்கள். எழுத்துகளை ஒரே வரியில் நிறுத்தாமல் ஒன்றைத் தூக்கி, இன்னொன்றைச் சாய்த்து வைத்தால் விளையாட்டுத்தனம் தானாக வந்துவிடும்.

எழுத்துரு என்றால் பலூ தம்பி, கொய்னி இரண்டும் தடித்து உருண்டவை, யூனிகோட், இலவசம். திறந்த உரிமத்தில் வந்தவை என்பதால் மாற்றவும் தடையில்லை. பாமினி வகையில் பழைய அலங்கார எழுத்துருக்கள் கைவசம் இருந்தால், அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தவை என்பதை மறக்காதீர்கள். யூனிகோடில் தட்டிய தலைப்பு அதில் வராது.

தட்டி முடித்ததும் இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் எழுத்தைப் பாதையாக (path), அதாவது வெட்டிச் சிதைக்கக்கூடிய வெறும் வடிவமாக, மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் பெரிதாக பிரிண்ட் எடுத்து, தாளைக் கசக்கி விரித்து ஸ்கேன் செய்யுங்கள். அந்த மடிப்புக் கோடுகள் தரும் தேய்மானம் கணினியில் ஆயத்தமாகக் கிடைப்பதை விட எனக்கு எப்போதும் பிடிக்கும்.

நிறத்தில் மட்டும் கவனம். கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்து திரையில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மாலை மூடுபனி இறங்கினால் ரோட்டில் இருந்து ஒன்றும் தெரியாது. மஞ்சளோ வெள்ளையோ போடுங்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் வாட்ஸ்அப்பில் சிறிய படமாக யாருக்காவது அனுப்பி வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் தடுக்கினார்களோ அந்த எழுத்தில் மட்டும் கொஞ்சம் சதையைத் திருப்பி வையுங்கள்.