நேபாள நிதியாண்டு 2080/81: எந்த ஆங்கில ஆண்டு?

நேபாளத்தின் வளர்ச்சி விகிதம் உலக வங்கி அட்டவணையோடு ஏன் பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். 2080/81-ஐ 2024-உடன் ஒப்பிடுங்கள், 2023-உடன் அல்ல. நேபாளத்தின் விக்ரம நாட்காட்டிப்படி நிதியாண்டு சிராவண மாதம் 1-ஆம் தேதி பிறக்கிறது. ஆக 2080/81 என்பது 2023 ஜூலை நடுவிலிருந்து 2024 ஜூலை நடு வரை.

நீங்கள் இந்தியக் கணக்குப் பழக்கத்தில் முதல் ஆண்டை எடுத்திருப்பீர்கள். உலக வங்கி அட்டவணையில் மார்ச்சில் முடியும் இந்தியாவின் 2023-24, 2023 என்றே வரும். ஜூலையில் முடியும் நேபாளத்துக்கு இரண்டாம் ஆண்டுதான் பெயர். உங்கள் வளர்ச்சி விகிதம் ஓராண்டு தள்ளி நிற்பது இதனால்தான்.

சரிபார்க்க, உங்கள் அட்டவணையில் நேபாளத் தரவுள்ள நெடுவரிசையை ஒரு வரி கீழே நகர்த்திப் பாருங்கள். மாதவாரித் தரவென்றால் விக்ரம ஆண்டிலிருந்து, முதல் மாதமான வைசாகம் (ஏப்ரல் நடு) முதல் டிசம்பர் வரை 57 கழியுங்கள், ஜனவரி முதல் கடைசி மாதமான சைத்திரம் முடிய 56.

அப்படியும் பொருந்தாவிட்டால் அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலையில் கணக்கிட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். 2000/01 விலைத் தொடரையும் 2010/11 தொடரையும் அப்படியே ஒட்டக்கூடாது.

தொகையிலும் கவனம். பட்ஜெட் உரையில் வரும் 1 கரப் என்பது 10,000 கோடி. 2080/81 பட்ஜெட் 17.51 கரப், அதாவது சுமார் 1.75 லட்சம் கோடி. நேபாள ரூபாயில்! இந்திய ரூபாய்க்கு 1.6-ஆல் வகுக்க வேண்டும்.